அத்தியாயம் 9: வண்டியைப் பெரிய ரோட்டிலேயே விடுங்கள் (விருதுநகர், சிவகாசிப் பக்கத்துப் பழைய வீடுகள்)

மதுரையை விட்டுத் தெற்கே வந்து, கப்பலூர் டோல்கேட்டையும் திருமங்கலத்தையும் தாண்டினால் கொஞ்ச நேரத்தில் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் மண்ணின் நிறம் மாறிவிடும். கறுத்த மண், சீமைக்கருவேலம், அங்கங்கே பனை. கள்ளிக்குடி கழிந்தால் விருதுநகர். படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்த வேனில் குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஊரில் தங்குவதில்லை. நாலுவழிச் சாலையில் ஒரு டீயைக் குடித்துவிட்டுக் கன்னியாகுமரிக்குப் போய்விடுகிறார்கள். குற்றாலம் போகிறவர்களோ திருமங்கலத்திலேயே மேற்கே திரும்பிவிடுகிறார்கள். வெயிலையும் பட்டாசையும் தவிர இங்கே என்ன இருக்கிறது என்ற நினைப்புதான் காரணம்.

இங்கே வீடுகள் இருக்கின்றன. காரைக்குடி அத்தியாயத்தில் பார்த்த மாதிரி பர்மாத் தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் எதிர்பார்த்து வந்தால் மனம் சலிக்கும். இவை அளவில் சிறியவை. ஆனால் என்னைக் கேட்டால், பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டிய முதல் வீடு தமிழ்நாட்டில் விருதுநகரில்தான் இருக்கிறது. அதைச் சுற்றிவரப் பத்து நிமிஷம் போதும். அந்தப் பத்து நிமிஷத்தை முழுசாகப் பெறுவதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இந்த அத்தியாயம்.

எங்கள் பயணத்தில் மூன்று நாள் எடுத்துக்கொண்டோம். முதல் நாள் விருதுநகர். இரண்டாம் நாள் கிழக்கே அருப்புக்கோட்டை வழியாகத் திருச்சுழி. மூன்றாம் நாள் மேற்கே சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம். தூரம் எதுவுமே பெரிதல்ல. விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை சுமார் 20 கிலோமீட்டர், சிவகாசி சுமார் 25. டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் வாருங்கள். சித்திரை, வைகாசியில் நிழலில் நிறுத்திய வேனுக்குள்ளேயே மத்தியானம் உட்கார முடியாது. பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் மாரியம்மன் கோயிலைச் சுற்றியும், ஆடி மாத வெள்ளிகளில் இருக்கன்குடிப் பக்கமும், ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வண்டி நகராது. திருவிழாவுக்கென்றே வருவதானால் வேனை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் வருவது நல்லது.

வண்டியைப் பற்றி முதலில்

சொந்த வேனை வாங்கி, பின் இருக்கைகளைக் கழற்றி, கட்டிலும் அடுப்பும் வைத்துக்கொள்கிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். ஆர்.டி.ஓ. அலுவலக ஒப்புதல் இல்லாமல் அப்படி மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுக்கு விரோதம். அதைவிட முக்கியம், விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கிடைப்பதே சிக்கலாகிவிடும். மாற்றத்தை ஆர்.சி.யில் ஏற்றிய பிறகே கிளம்புங்கள். வாடகைக்கு எடுப்பதானால் ஆர்.சி.யையும் பர்மிட்டையும் கண்ணால் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

அடுத்தது கேஸ். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரை ரயில் நிலையத்துக்கு அருகே தனியாகக் கழற்றி நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டி தீப்பிடித்து எரிந்தது. உத்தரப் பிரதேசத்திலிருந்து கோயில்களைப் பார்க்க வந்தவர்களில் 9 பேர் இறந்துபோனார்கள். விதியை மீறிப் பெட்டிக்குள் கொண்டுவந்த சிலிண்டரில் சமைத்ததுதான் காரணம். நம்முடைய வேன் அந்தப் பெட்டியைவிடச் சிறியது, கதவும் குறைவு. ஆகவே ஓடும்போது ரெகுலேட்டர் மூடியே இருக்க வேண்டும். சமைக்கும்போது இரண்டு பக்கக் கதவும் திறந்திருக்க வேண்டும். முடிந்தால் அடுப்பை வெளியே எடுத்து வைத்துச் சமையுங்கள். இரவு படுக்கும் முன் சிலிண்டர் வால்வை ஒருவர் கையால் தொட்டுப் பார்த்து, மூடியிருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எங்கள் வண்டியில் அது என் மகளின் வேலை. ஒரு நாளும் அவள் மறந்ததில்லை.

இனி இந்த ஊர்ப் பக்கத்துக்கென்றே உள்ள இரண்டு சங்கதிகள். ஒன்று, கரிசல் மண். காய்ந்து கிடக்கையில் சிமெண்டுத் தரை மாதிரி இருக்கும். ஒரு மழை பெய்தால் போதும், களியாகிச் சக்கரத்தை விழுங்கிவிடும். அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு வேப்பமரத்து நிழலுக்கு ஆசைப்பட்டு ரோட்டை விட்டு இருபது அடி உள்ளே இறக்கினோம். இரவு ஒரு மணி நேர மழை. காலையில் முன்சக்கரம் பாதி புதைந்திருந்தது. அந்த வழியே டிராக்டரில் வந்தவர் வெளியே இழுத்துவிட்டார். டீக்குக்கூடக் காசு வாங்கவில்லை. "கரிசல்ல எறக்கும் முன்னாடி வானத்தப் பாக்கணும் அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே உங்களுக்கும் சொல்கிறேன். தார் அல்லது சரளை போட்ட இடத்தில் மட்டும் நிறுத்துங்கள்.

இன்னொன்று கருவை முள். சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்குவது இந்த மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் பெரிய தொழில். வெட்டிய கட்டைகளை ஏற்றிய வண்டிகள் போன ரோட்டோரமெல்லாம் முள் சிதறிக் கிடக்கும். தடித்த டயரையும் அது துளைக்கும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று விருதுநகரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். குடிதண்ணீரையும் மதுரையிலோ விருதுநகரிலோ நிரப்பிவிடுங்கள். கிழக்கே போகப் போக நிலத்தடி நீர் உப்புக் கரிக்கும் ஊர்கள் உண்டு. தண்ணீருக்கு அலைகிற ஊர்க்காரர்களின் குழாயடியில் போய் நம்முடைய இருநூறு லிட்டர் தொட்டியை நிரப்புவது முறையும் அல்ல.

இரவு தங்க நாலுவழிச் சாலையோரத்தில் கழிப்பறை வசதியுள்ள பெட்ரோல் பங்குகளே நல்லவை. மேலாளரிடம் கேட்டுவிட்டு நிறுத்துங்கள், டீசலும் அங்கேயே போடுங்கள். ஆனால் பங்கு வளாகத்துக்குள் அடுப்பு பற்றவைக்கக் கூடாது. அன்றைய இரவுச் சாப்பாட்டை விருதுநகர்க் கடைகளிலேயே முடித்துவிடுங்கள். எண்ணெயில் பொரித்தெடுக்கும் புரோட்டா இந்த ஊரின் அடையாளம். வெளியே மொறுமொறுவென்று இருப்பதை நொறுக்கிப் போட்டு, சால்னாவை மேலே ஊற்றி, ஒரு நிமிஷம் பொறுத்துச் சாப்பிட வேண்டும். உடனே சாப்பிட்டால் பாதி ருசிதான்.

விருதுநகர்: காமராஜர் வீடு

வேனை எக்காரணம் கொண்டும் ஊருக்குள் கொண்டுபோகாதீர்கள். பழைய கடைத்தெருவை ஒட்டிய தெருக்கள் மாட்டுவண்டிக்கும் கால்நடைக்கும் ஏற்பட்டவை. எதிரே ஒரு சரக்கு ஆட்டோ வந்தால் இருவரும் நிற்க வேண்டியதுதான். பெரிய ரோட்டிலேயே நிறுத்திவிட்டு ஆட்டோவில் தெப்பக்குளம் வரை போங்கள். அங்கிருந்து நடையாகவே போகலாம். காமராஜர் வீடு எங்கே என்று கேட்டால் கடைக்காரர்கள் கையைக் காட்டுவார்கள். சிலர் கல்லாவை விட்டு இறங்கி முக்கு வரைக்கும் வந்து காட்டுவார்கள்.

நடப்பதற்கு வேறு ஒரு காரணமும் உண்டு. தெப்பக்குளத்தைச் சுற்றிய இந்தக் கடைத்தெருவைப் பார்க்காமல் அந்த வீட்டைப் பார்த்தால் பாதிதான் புரியும். பத்திரிகைகளில் விருதுநகர் மார்க்கெட் நிலவரம் என்று பருப்பு விலையும் எண்ணெய் விலையும் வற்றல் விலையும் வருமே, அந்த மார்க்கெட் இதுதான். இங்கே வியாபாரம் செய்த நாடார் சமூகத்தார் விற்பனையில் ஒரு சிறு பங்கை மகமை என்று பொதுவில் சேர்த்தார்கள். அவர்களுடைய சமூக அமைப்பான உறவின்முறை அதைக் கொண்டு பள்ளிக்கூடம் நடத்தியது. கோயிலுக்குள் நுழையவே அனுமதி மறுக்கப்பட்ட ஒரு சமூகம், தன் கைக்காசில் 1889-இல் சத்திரிய வித்தியாசாலா என்ற பள்ளியைத் தொடங்கியது. வீட்டுக்கு வீடு உலை வைக்கும் முன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, அதைச் சேர்த்துப் பள்ளிக்குக் கொடுத்தார்கள். பிடியரிசிப் பள்ளிக்கூடம் என்று இன்றைக்கும் பெரியவர்கள் சொல்வார்கள். அங்கே படித்த பையன்களில் ஒருவர்தான் காமராஜர்.

1903 ஜூலை 15-இல் அவர் பிறந்தபோது ஊரின் பெயர் விருதுபட்டி. அப்பா குமாரசாமி நாடார், அம்மா சிவகாமி அம்மாள். சிறு வயதிலேயே அப்பா போய்விட்டார். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாமாவின் துணிக்கடைக்கு வேலைக்குப் போனார். வீடு, பள்ளி, கடைத்தெரு மூன்றுமே காலால் நடந்து முடிக்கிற தூரத்தில்தான் இருக்கின்றன. பிள்ளைகளோடு அந்த வழியை நடந்து பாருங்கள். பள்ளிக்கூட வாசலைக் கடந்து கடைக்கு வேலைக்குப் போன பையனின் வழி அது. அவர்தான் 1954 ஏப்ரல் 13 முதல் 1963 அக்டோபர் 2 வரை முதலமைச்சராக இருந்து, ஊர் ஊராகப் பள்ளி திறந்து, மதிய உணவும் போட்டார்.

இனி வீடு. அரசு அதை நினைவு இல்லமாக வைத்திருக்கிறது. காலை பத்து மணிக்கு மேல் போங்கள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். தெருவிலிருந்து பார்த்தால் பக்கத்து வீடுகளுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. பெயர்ப்பலகை இல்லாவிட்டால் கடந்துபோய்விடுவோம். உள்ளே சுவரெல்லாம் படங்கள். நேருவோடு, தொண்டர்களோடு, கிராமத்துக் கூட்டங்களில் என்று ஒவ்வொன்றாக. வந்தவர்கள் எல்லோரும் படங்களைப் பார்த்துவிட்டு, கைப்பேசியில் இரண்டைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

நீங்கள் படத்திலிருந்து கண்ணை எடுத்து வீட்டைப் பாருங்கள். சுவருக்கும் சுவருக்கும் எத்தனை அடி என்று பையனை எண்ணச் சொல்லுங்கள். என் மகன் குதிகாலும் விரலும் ஒட்ட அடி வைத்து எண்ணினான். முடித்துவிட்டுத் தலையைத் தூக்கி, "நம்ம வீட்டு ஹாலவிடச் சின்னதுப்பா" என்றான். ஒன்பது வருஷம் முதலமைச்சராகவும், பிறகு இரண்டு பிரதமர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னின்ற காங்கிரஸ் தலைவராகவும் இருந்தவரின் குடும்ப வீடு இது. மகன் கோட்டையில் இருந்த காலத்திலும் தாய் இங்கேதான் இருந்தார்.

இங்கே நின்றுகொண்டு பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு செய்தி உண்டு. நகராட்சிக்காரர்கள் முதலமைச்சர் வீடாயிற்றே என்று இந்த வீட்டுக்குத் தனிக் குழாய் போட்டுக்கொடுத்ததாகவும், தெருவே பொதுக்குழாயில் பிடிக்கும்போது என் வீட்டுக்கு மட்டும் எதற்கு என்று காமராஜர் அதை எடுக்கச் சொன்னதாகவும் ஊரில் சொல்வார்கள். தமிழ்நாட்டில் எல்லோரும் கேட்ட கதைதான். ஆனால் காலையில் வேன் தொட்டிக்குத் தண்ணீர் தேடி அலைந்துவிட்டு, இந்த ஊர் வெயிலில் நடந்து வந்து, இந்த வாசலில் நின்று கேட்கையில் அது வெறும் மேடைக் கதையாக இல்லை. தண்ணீர் எவ்வளவு பெரிய காரியமாக இருந்த ஊரில் அந்தக் குழாய் வேண்டாம் என்று சொல்லப்பட்டது என்பது தொண்டையில் தெரிகிறது.

மறைக்காமல் இன்னொன்றையும் சொல்லுங்கள். 1967 தேர்தலில் இதே விருதுநகர் அவரைத் தோற்கடித்தது. எதிரே நின்றவர் பெ. சீனிவாசன் என்ற இளைஞர். வித்தியாசம் 1,285 வாக்கு. தோல்வியை ஒப்புக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார். வீட்டைப் பார்க்க வருகிற நாம் கும்பிட்டுவிட்டு மட்டும் போனால் போதாது. ஜனநாயகம் இந்தத் தெருவில் எப்படி நடந்தது என்பதும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாள் என்பதால் அன்றைக்கு மாலை போடும் கூட்டத்தில் உள்ளே ஒரு நிமிஷம்கூட நிற்க முடியாது. வேறு நாளில் வாருங்கள்.

திரும்பும் வழியில் தேசபந்து மைதானத்தையும் பார்த்துவிடுங்கள். 1956 ஜூலை 27-இல் சங்கரலிங்கனார், சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கக் கேட்டு உண்ணாவிரதம் தொடங்கியது இந்த ஊரில்தான். 76 நாள் பட்டினி கிடந்தார். அக்டோபர் 13-இல் மதுரை மருத்துவமனையில் உயிர் போயிற்று. அப்போது முதலமைச்சர் காமராஜர், இருவருக்கும் ஒரே ஊர். கோரிக்கைக்கு அவருடைய அரசு இணங்கவில்லை. இதையும் சேர்த்தேதான் இந்த ஊரைப் புரிந்துகொள்ள வேண்டும். 1969 ஜனவரி 14 முதல் அந்தப் பெயர் நடப்புக்கு வந்தது. உங்கள் வேனின் நம்பர் பிளேட்டில் உள்ள டி.என். என்ற இரண்டு எழுத்துக்குப் பின்னால் இந்த மைதானம் இருக்கிறது.

திருச்சுழி

அருப்புக்கோட்டையிலிருந்து இன்னும் சுமார் 15 கிலோமீட்டர் கிழக்கே. ரோடு அகலம் குறைவு, ஆனால் வேன் போகும். சுந்தரர் பதிகம் பெற்ற திருமேனிநாதர் கோயிலுக்கு முன்னால் வண்டி நிறுத்த இடம் உண்டு. ரமண மகரிஷி பிறந்த வீடு கோயிலை ஒட்டியே இருக்கிறது. அவருடைய அப்பா சுந்தரம் ஐயர் பெயரில் சுந்தர மந்திரம் என்று அழைக்கப்படுகிறது, திருவண்ணாமலை ரமணாசிரமம் பராமரிக்கிறது. 1879 டிசம்பர் 30-இல் வேங்கடராமனாகப் பிறந்த ரமணர் சிறு வயதில் வளர்ந்த இடம்.

வக்கீலாக இருந்த சுந்தரம் ஐயர், வீட்டின் ஒரு பாதியை வந்துபோகிற விருந்தாளிகளுக்காகவே விட்டுவைத்திருந்தார் என்று ரமணரின் வரலாறு சொல்கிறது. லாட்ஜும் ஓட்டலும் இல்லாத ஊருக்குக் கச்சேரி வேலையாக வந்தவர்கள் அங்கே சாப்பிட்டுத் தங்கியிருக்கிறார்கள். கூடவே கட்டிலையும் அடுப்பையும் இழுத்துக்கொண்டு போகிற நமக்கு அது மறந்துபோன பழக்கம். உள்ளே பேச்சு வேண்டாம். போட்டோ எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள். ஒரு மூலையில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் போதும்.

1892-இல் அப்பா இறந்தபின் பையன்களை மதுரைக்குச் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பினார்கள். மதுரை சொக்கப்ப நாயக்கன் தெருவில் உள்ள அந்த வீடுதான் இப்போது ரமண மந்திரம். 1896-இல் சாவு பற்றிய பெரிய அனுபவம் ரமணருக்கு நேர்ந்த வீடு. போகும்போதோ வரும்போதோ அதையும் பார்த்தால் ஒரே வாழ்க்கையின் இரண்டு வீட்டைப் பார்த்ததாகும்.

சிவகாசி

இந்த ஊரில் பார்க்க வேண்டிய பழைய வீடு என்று நான் எதையும் சொல்லப்போவதில்லை. இங்கே தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். மழை குறைந்த இந்த வறண்ட காற்றும், விவசாயம் கைகொடுக்காமல் வேலை தேடி நின்ற கைகளும் தொழிலை வளர்த்தன. தீப்பெட்டியிலிருந்து பட்டாசு, பட்டாசுக்கு ஒட்டும் லேபிளிலிருந்து அச்சுத் தொழில், காலண்டர். நம்முடைய வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரின் சொந்த ஊர் இதுதான்.

இங்கே தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ் என்பார்கள். ரசாயனக் கலவைக்குப் பெயர் மருந்து. சாத்தூர், வெம்பக்கோட்டை ரோடுகளில் போகையில், வேப்பமரங்களுக்கு நடுவே ஒன்றுக்கொன்று விலகி நிற்கும் சிறு சிறு அறைகள் தெரியும். ஒன்று வெடித்தால் மற்றது தப்பட்டும் என்பதற்காக விட்ட இடைவெளி அது. அந்த அறைகளுக்குப் பக்கத்தில் வேனை நிறுத்தாதீர்கள். அடுப்பு வேண்டாம், பீடி சிகரெட் வேண்டாம், உள்ளே பார்க்கலாமா என்று வாசலில் போய் நிற்கவும் வேண்டாம். விருந்தாளி வந்து கவனம் சிதறுகிற அந்த ஒரு நொடி அங்கே வேலை செய்கிறவருக்கு ஆபத்து.

எங்காவது புகையோ சத்தமோ தெரிந்தால் வண்டியை எதிர்த்திசையில் திருப்புங்கள். 2012 செப்டம்பர் 5-இல் முதலிபட்டி பட்டாசு ஆலை விபத்தில் செத்தவர்களில் பலர் அங்கே வேலை செய்தவர்களே அல்ல. முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடி வந்தவர்கள். அடுத்த வெடிப்பு அவர்களைக் கொண்டுபோயிற்று. நூற்றியெட்டுக்குச் சொல்லிவிட்டு, ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் ரோட்டை விடுவதுதான் நம்மால் ஆகிற உதவி.

பட்டாசு வாங்குவதைப் பற்றி உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். அடுப்பும் சிலிண்டரும் உள்ள வேனில் பட்டாசை ஏற்றவே ஏற்றாதீர்கள், ஒரு பெட்டி மத்தாப்பு என்றாலும் சரி. பிள்ளைகள் அழுவார்கள், சிவகாசிக்கு வந்துவிட்டு வெறுங்கையோடு போவதா என்று பெரியவர்களுக்கும் தோன்றும். வெயிலில் காய்கிற தகரக்கூரைக்குக் கீழே கேஸும் மருந்தும் ஒன்றாக இருக்கக் கூடாது. நம் ஊரில் உரிமம் பெற்ற கடையில் வாங்குவதும் சிவகாசிச் சரக்குதான், அதே கைகள் சுற்றியதுதான். ரயிலிலும் கொண்டுபோக முடியாது. ரயில்வே சட்டத்தின் 164-வது பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. சிவகாசியிலிருந்து கொண்டுபோக ஆசையாக இருந்தால் காலண்டரும் நோட்டுப்புத்தகமும் வாங்குங்கள். சாத்தூர் வழியே வந்தால் சேவும் வெள்ளரிப்பிஞ்சும்.

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம்

ஆண்டாள் கோயிலைப் பற்றிப் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் விரிவாக இருக்கிறது. பால்கோவாவைப் பற்றியும். இங்கே சொல்ல வேண்டியது திருமலை நாயக்கர் அரண்மனை. மதுரை மகாலை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அளவில் அடக்கமானது, நீதிமன்றமாகவும் இருந்த கட்டடம். அரைமணி நேரம் போதும்.

எந்தப் பெரிய வீட்டைப் பார்க்கப் போனாலும் ஒரு கேள்வியைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்று நினைக்கிறேன். இங்கே வேலை செய்தவர்கள் எங்கே படுத்தார்கள்? அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வெள்ளைத் தூண் வைத்த பழைய தோட்ட மாளிகைகளை இப்படி வேனில் சுற்றிப் பார்ப்பது பெரிய பழக்கம். வெகுகாலம் அங்கே முதலாளியின் சாப்பாட்டு மேஜையையும் சரவிளக்கையும் மட்டுமே காட்டினார்கள். லூசியானாவில் விட்னி என்ற தோட்டம் 2014 முதல், அங்கே அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் கதையையே முதன்மையாகச் சொல்கிறது. நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. இந்த வறண்ட சீமையிலிருந்து போனவர்களும் சேர்ந்துதான் இலங்கையில் கோப்பியும் தேயிலையும் வளர்த்தார்கள். நுவரெலியாவில் துரை பங்களாவைக் காட்டுகிறவரிடம், லயம் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். பத்தடி அறையில் ஒரு குடும்பம் வாழ்ந்த அந்த வரிசை வீட்டைப் பார்க்காமல் பங்களாவைப் பார்த்தது கணக்கில் சேராது.

சேத்தூர் ஜமீன் ஊர்ப்பக்கம் போனாலும் இதே கேள்விதான். 1948-இல் வந்த ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்கு முன்னால் அந்தக் கிராமங்களில் நிலம் உழுதவர் யார், வரி வாங்கியவர் யார் என்று டீக்கடைப் பெரியவரிடம் கேட்டால் போதும். பெரிய வீடுகள் சொல்லாததை அவர் சொல்வார்.

கடைசியாக ராஜபாளையம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர், மேற்கே மலை தெரிய நல்ல ரோடு. வண்டியை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பெரிய ரோட்டில் விட்டுவிட்டு, காந்தி கலை மன்றம் எங்கே என்று கேட்டுப் போங்கள். பெயரைப் பார்த்தால் ஏதோ சங்கக் கட்டடம் என்று தோன்றும். அது பூ.ச. குமாரசாமி ராஜாவின் வீடு. 1949 ஏப்ரலில் ஓமந்தூராருக்குப் பின் சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பை ஏற்று, 1952 வரை இருந்தவர். 1950 ஜனவரி 26-இல் நாடு குடியரசானபோது கோட்டையில் இருந்த முதலமைச்சர் அவரே. பிறகு ஒரிசாவின் ஆளுநர்.

வாசலில் செருப்பை விடும்போது பிள்ளைகளிடம் இதை மட்டும் சொல்லுங்கள்: இந்த வீட்டுக்காரர், தாம் வாழ்ந்த வீட்டைத் தம் கையாலேயே ஊருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.